ஐந்தருவியில் ஒரு விசில் சத்தம்

அருவியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது அந்த விசில்.

ஐந்தருவியில் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. மலையில் நல்ல மழை. பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தவர்களை விரட்டி விரட்டி மேலே ஏற்றினாள் காவலர் சத்யபிரியா. எல்லோரும் வந்துவிட்டார்கள்... ஒருத்தியைத் தவிர.

அந்தப் பெண் அருவியடியில் இருந்த பிடிமானக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. "சும்மா இரு... சும்மா இரு..." என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாருமே இல்லை.

சத்யா அவள் காதருகே விசிலை ஊதினாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் வீறிட்டு அலறி, கம்பியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"விசில் அடிக்காதீங்க! அவளை இழுக்காதீங்க!"

தடுப்பைத் தாண்டிக் குதித்தான் ஒருவன். சத்யாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எட்டி அவன் சட்டைக் காலரைப் பற்றிவிட்டாள்.

"யோவ்! லேடீஸ் பக்கம்லா இது? கண்ணு தெரியலையா?"

"தெரியுது மேடம். அது எங்க அக்கா. அவளுக்கு மனசு சரியில்ல, காதுல குரல் கேக்கும். நீங்க சத்தம் போடப் போட அவ கையை விடமாட்டா."

மழை வழியும் முகத்தில் இரண்டு கண்கள்... கோபத்தில் சிவந்து, அதே நேரம் கெஞ்சிக்கொண்டு. சத்யாவின் கை தானாகக் காலரை விட்டது.

"தண்ணி ஏறிக்கிட்டே வருது. நான் இப்ப என்ன செய்யணும்?"

"மேல நின்னு வீடியோ எடுக்குத அந்தக் கூட்டத்தைப் போகச் சொல்லுங்க. அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. பேரு அனுசியா."

கூட்டத்தைக் கலைத்துவிட்டு வந்து சத்யா குரலைத் தணித்தாள். "அனுசியாக்கா... நான் அடிக்க மாட்டேன். தண்ணி கூடுது, எனக்கே பயமா இருக்கு. வாங்க, மேல போயிருவோம்."

மெல்ல மெல்லக் கம்பியை விட்டாள் அனுசியா.

அவள் மணிக்கட்டில் சத்யாவின் விரல்கள் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தன. தம்பிக்காரன் அதைப் பார்த்தான். பிறகு சத்யாவைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை...

அந்தப் பார்வை அவளை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. சாப்பிடும்போது கூடவே வந்தது. படுத்தால் கண்ணுக்குள் நின்றது.

அவர்கள் ஏறிப்போன லோடு ஆட்டோவில் 'வடகரை தென்னை நாற்றுப்பண்ணை' என்று எழுதியிருந்தது. விடுப்பு நாளில் அங்கே போய் நின்றாள்.

"கன்னு வேணுமா? நெட்டையா, குட்டையா?" குனிந்தபடியே கேட்டான் அவன். சுடலைராஜ் என்பது அவன் பெயர்.

"மன்னிப்பு வேணும்."

சட்டென்று நிமிர்ந்தான். "போலீஸ் மேடமா? யூனிபார்ம் இல்லாம அடையாளமே தெரியல. என் காலரு பிஞ்சு போச்சு, தெரியுமா?"

"தாங்க, தைச்சுத் தாரேன்."

சிரிக்கப் போனவன், சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"தென்காசியில எங்க ஆளுகளுக்கு ஒரு வகுப்பு வைக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் கிட்ட கேட்டிருக்கேன்," என்றாள் சத்யா. "இப்படிப்பட்டவங்ககிட்ட எப்படி நடக்கணும்னு மனநல டாக்டர் வந்து சொல்லுவாரு. நீங்களும் வந்து பேசினா எங்களுக்கு நல்லா உறைக்கும்."

அவன் முகம் மாறியது. "எங்க அக்காளை வச்சு ஊருக்குக் கதை சொல்லணுமா? பேசுதவங்க பேசுதது பத்தாதா? முடியாது. போயிட்டு வாங்க."

கண் கரிக்கத் திரும்பி நடந்தாள்.

"ஏலே சுடலை! யாரைக் கேட்டு முடியாதுன்ன?"

கன்றுகளுக்கு நடுவிலிருந்து எழுந்து நின்றாள் அனுசியா. கையெல்லாம் மண். "கேக்குதது என்னைப் பத்தி. பதில் சொல்லுதது நீயா? ஏம்மா, நான் வாரேன்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சத்யாவின் போன் அடித்தது.

"அக்கா வரமாட்டா."

"அக்காகிட்ட போனைக் குடுங்க."

"அக்கா தூங்குதா."

"அப்போ எனக்கு எதுக்குப் போன் போட்டிய?"

"வச்சிரட்டுமா?"

"நான் சொன்னேனா?"

வகுப்பு நாள் வந்தது. அறை முழுக்கக் காக்கி. டாக்டர் பேசி முடித்ததும் அனுசியா எழுந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"அன்னைக்கு எனக்கு நிறையக் குரல் கேட்டுச்சு," என்றாள் அனுசியா. "எது போலீஸு, எது என் மண்டைக்குள்ள உள்ளதுன்னு தெரியல. விசில் ஊதுனா எல்லாம் சேந்து கத்தும். ஒரு ஆள் மட்டும் பேசுங்க. என்ன செய்யப் போறியன்னு சொல்லிட்டு அப்புறம் தொடுங்க. நாங்க வம்புக்கு வரல சார்... பயந்துபோய் நிக்கோம்."

சிரித்தவரே கேட்டார். "கையில அரிவாள் இருந்தா என்னம்மா செய்ய?"

"அது டாக்டரைத்தான் கேக்கணும். ஆனா சுத்தி நின்னு கத்துனா யாரும் அரிவாளைக் கீழ போடமாட்டாங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

வெளியே சாரல். அக்கா பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நனைந்தபடி நின்றிருந்தான் சுடலைராஜ். சத்யா அருகில் வந்ததும் அவசரமாக முகத்தைத் துடைத்தான்.

"இத்தனை வருசமா அவளை மறைச்சே வச்சிட்டேன் சத்யா..." முதன்முறையாகப் பெயர் சொன்னான். "நீங்க போனை வச்சதும் எனக்கு இருப்பே கொள்ள மாட்டேங்குது. ஆனா ஆசைப்பட பயமா இருக்கு. பொண்ணு பாக்கப் போன வீட்டுல எல்லாம், அக்காளை எங்கயாவது சேர்த்துட்டு வான்னுதான் சொன்னாங்க."

"அந்த வீட்டுல எல்லாம் நான் இருந்தேனா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"எங்க அம்மை முதல்ல குதிப்பா. கொஞ்ச நாளு பேசமாட்டா. நான் பாத்துக்கிடுதேன்." ஒருவழியாகச் சொல்லிவிட்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அக்காளும் நம்ம கூடத்தான் இருக்கணும்."

அவன் மெல்ல அவள் விரல்களைப் பற்றிக்கொண்டான். நாள் கணக்காக அலைந்துகொண்டிருந்த அவள் மனது அங்கேயே, அந்தச் சாரலிலேயே, அமைதியாக நின்றது.