வெள்ளையன் கேட்ட கேள்வி

வெள்ளையன் ஒரு மலை மைனா. உடம்பு முழுக்கக் கறுப்பு. அப்புறம் ஏன் அந்தப் பேர் என்று கேட்டால் சுப்பம்மா பெரியம்மா சிரிப்பாள்.

"கறுப்பான்னு கூப்பிட்டா அதுக்கு மனசு நோகும்ல?" என்பாள்.

இப்போது பெரியம்மா இங்கே இல்லை. இலங்கையில் தெரணியகலைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், யார் யார் இந்தியாவுக்குப் போக வேண்டும், யார் யார் இங்கேயே இருக்கலாம் என்று அரசாங்கத்தார் பிரித்துவிட்டார்கள். பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியா. கப்பலில் மைனாவை ஏற்ற விடமாட்டார்களாம். லொறி புறப்படும் நேரத்தில் கூண்டை ஜெயம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பெரியம்மா ஏறிக்கொண்டாள்.

பத்து வயது ஜெயம்மாவுக்கு வெள்ளையன் என்றால் உயிர். ஆனால் வெள்ளையனுக்கு அவள் வேண்டாம் போலிருந்தது. வாழைப்பழம் வைத்தாள். தொடவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. வரிசையாக அறைகள் கட்டிய லயத்தில் பக்கத்துக் காம்பராதான் பெரியம்மாவின் வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு வெள்ளையன் உட்கார்ந்திருந்தது.

பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"சாப்பிட்டியா தங்கம்?" என்று கேட்கும். அச்சு அசல் பெரியம்மாவின் குரல்.

அதைக் கேட்டதும் அம்மாவின் கை நின்றுவிடும். அடுப்பு புகைந்துகொண்டே இருக்கும். அம்மா பெரியம்மாவின் சொந்தத் தங்கை.

"என்னால முடியலங்க. அக்கா பின்னாலயே நின்னு கேக்குற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் அம்மா அழுதுவிட்டாள்.

அப்பா இருளப்பன் கூண்டைப் பார்த்தார். "வர்ற ஞாயித்துக்கெழமை கொண்டுபோய்க் காட்டுல விட்டுடுறேன்."

"ஐயோ அப்பா! கூண்டுலயே வளந்தது. காட்டுல என்னத்தத் திங்கும்?"

"இங்க மட்டும் திங்குதாக்கும்?"

ஜெயம்மா வாடிப்போன பழத்தை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தாள்.

அந்த வாரம் பெரியம்மாவின் காம்பராவுக்குப் புது ஆட்கள் வந்தார்கள். காத்தமுத்து என்று ஒருவர், அவருடைய சின்ன மகள் ராக்கு. கலவானப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலையில்லாமல் போய், இங்கே வந்திருந்தார்கள். காத்தமுத்து விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். ராக்கு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பாள். விளையாடக் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

சனிக்கிழமை. வெளியே அடைமழை. அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தாள்.

"சாப்பிட்டியா தங்கம்?" என்று வெள்ளையன் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "இன்னும் இல்லம்மா."

ஜெயம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளையன் தலையைச் சாய்த்தது. மறுபடி கேட்டது. மறுபடியும் அந்தக் குரல். "இல்லம்மா. அப்பா வந்தப்புறந்தான்."

வெள்ளையன் இறக்கையைச் சிலிர்த்துக்கொண்டு இறங்கி வந்து, பழத்தை ஒரு கொத்துக் கொத்தியது!

'ஓ! கேள்வி கேட்டா யாராச்சும் பதில் சொல்லணும். அதுதானா உனக்கு?' என்று ஜெயம்மா நினைத்தாள். இத்தனை நாளும் எல்லாரும் அதை "சும்மா இரு" என்று அதட்டத்தானே செய்தார்கள்!

அவள் பக்கத்துக் காம்பராவுக்கு ஓடினாள். ராக்கு சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் எங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ஒங்கம்மா எங்க?"

"காய்ச்சல்ல செத்துப் போச்சுன்னு அப்பா சொல்லுறாரு. ஆனா இங்கேருந்து கூப்பிடுறாங்களே?"

ஜெயம்மா அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் எத்தனை நாளைக்கு?

"இல்ல ராக்கு. அது ஒரு மைனா."

"பொய்!"

ஜெயம்மா கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ராக்கு பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது. ஒரு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்பிட்டியா தங்கம்?"

ராக்கு காதைப் பொத்திக்கொண்டாள்.

"சாப்பிட்டியா தங்கம்?"

"இல்ல. போ!"

வெள்ளையன் கொஞ்சம் யோசித்தது. பிறகு, லயத்துக்குச் சுடச்சுட ரொட்டி விற்க வரும் சிங்களப் பாண்காரரின் கட்டைக் குரலில் கத்தியது. "பாண்! பாண்! உணு உணு பாண்!"

ராக்கு திரும்பினாள். "பாண்காரரா இது?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் இருந்தது.

ஜெயம்மா கூண்டின் வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக விட்டாள்.

"இது இனிமே ஒன்கிட்டயே இருக்கட்டும். இது வளந்த வீடே இதுதான். அது கேட்டா பதில் மட்டும் சொல்லிடு, என்ன?"

"ஒனக்கு வேணாமா?"

"வேணுந்தான்" என்றாள் ஜெயம்மா. "நான் வந்து பாத்துக்குவேன்."

வாசலில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தண்ணீர்க் குடத்தோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. சட்டென்று திரும்பிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில், தட்டில் ஒரு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்து ராக்குவின் முன்னால் வைத்தாள். மாவுக்குத் தட்டுப்பாடான காலம் அது. அன்றைக்கு அம்மா வெறும் தேத்தண்ணீர்தான் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா காட்டுக்குப் போகவில்லை.

மழை மட்டும் விடவில்லை. பெரியம்மாவை நினைத்து அம்மா இன்னமும் சில நேரம் அழுவாள். ஜெயம்மாவும் சேர்ந்து அழுவாள். ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் ஒன்று நடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையன், "சாப்பிட்டியா தங்கம்?" என்று கேட்டது. ராக்கு வாயைத் திறப்பதற்குள், அம்மா அடுப்படியிலிருந்தே கூரை அதிரக் கத்தினாள்:

"அவ இன்னும் சாப்பிடல! இந்தா, கொண்டாந்துக்கிட்டே இருக்கேன்!"