அழுது சலித்த இளவரசி

"ஐயோ! யாராவது வந்து என்னைக் காப்பாற்றுங்களேன்!"

இதுதான் என் வசனம். நாடகம் முழுக்க இளவரசிக்கு இதைத் தவிர வேறு வசனமே கிடையாது. இதைச் சொல்லிவிட்டு, நீளச் சட்டைக்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே வசனம், மறுபடியும் அதே அழுகை.

இளவரசி என்றால் நான் இல்லை, என் கையில் இருக்கும் பொம்மை. என் பெயர் பெய்ஷான், நான்காம் வகுப்பு. எங்கள் ஹூவேய் ஊர்ப் பொம்மலாட்டத்துக்குத் தைவான் முழுக்கப் பெரிய பேர். பொம்மைக்குள் கையுறை மாதிரி கையை விட்டு, ஆட்காட்டி விரலால் தலையையும் மற்ற விரல்களால் கைகளையும் ஆட்டுவோம். எங்கள் பள்ளியில் அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது.

குழுவில் இளவரசியைக் காப்பாற்ற வரும் வீரனை ஆட்டுவது ஜெகாய். என்னைவிட ஒரு வகுப்பு பெரியவன், பேச்சோ பத்து வகுப்பு பெரியது. எனக்குப் புலிப்பூதமும் இளவரசியும். வலது கையில் புலி, இடது கையில் இளவரசி.

"புலியை இடது கைல மாட்டிக்கட்டுமா? எனக்கு இடது கைப் பழக்கம்" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் கூடாது" என்றான் ஜெகாய். "புலியோட குகை வலது பக்கம்தான் இருக்கு. இளவரசி சும்மா உட்கார்ந்து அழப்போறா. அவளுக்கு எந்தக் கையா இருந்தா என்ன?"

அதனால் என்ன ஆயிற்று? புலிப்பூதம் காய்ச்சல் வந்த பூனை மாதிரி தள்ளாடியது. இளவரசியோ சும்மா உட்கார மாட்டேன் என்றாள். ஒருநாள் ஒத்திகையில், அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று திரும்பிப் புலியின் கன்னத்தில் பளார் என்று ஒன்று வைத்தாள். சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. கை பரபரவென்று இருந்தது, அவ்வளவுதான்.

தாளம் தட்டிக்கொண்டிருந்த எங்கள் குழு ஆசிரியர் லியாவ் சார் வாய்விட்டுச் சிரித்தார். ஜெகாய்க்கு மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"இளவரசியே அடிச்சுட்டா நான் எதுக்கு வரணும்?"

பாவம், அவனும் வீரன் மேடையின் மர மாடத்துக்குள் குதிக்கும் குட்டிக்கரணத்தைக் கை வலிக்க வலிக்கப் பழகியிருந்தான். இளவரசி திரும்பவும் அழ ஆரம்பித்தாள்.

வீட்டில் வேறொரு தொல்லை. என் தங்கை மியான்மியானுக்கு ஐந்து வயது. ஒத்திகைக்கு என்னோடு வந்து வந்து அவளும் இளவரசி ஆகிவிட்டாள். எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும். லேசாகத் தூக்கி இழுத்தால் வந்துவிடும். அவள் அதைத் தொடவே மாட்டாள். உள்ளே உட்கார்ந்துகொண்டு ராகம் போடுவாள்.

"ஐயோ! யாராவது வந்து என்னைக் காப்பாற்றுங்களேன்!"

"தூக்கி இழுடி!"

"இளவரசி இழுக்க மாட்டா. அழுவா."

எனக்குச் சிரிப்பு வரும். அம்மாவுக்கு வராது. ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து திறந்து அவளுக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துலயும் இப்படி உட்கார்ந்துட்டா யாரு போய்த் திறப்பா? எங்கேர்ந்துதான் இதைக் கத்துக்கிட்டாளோ!"

நான் என் இடது கையைப் பார்த்துக்கொண்டேன். மனசுக்கு என்னவோ போல் இருந்தது.

எங்கள் ஊர் நிலத்தைக் காக்கும் நிலத்துச்சாமியின் பிறந்தநாள் வந்தது. கோயிலுக்கு எதிரே, சாமியின் முகத்தைப் பார்த்தபடி எங்கள் மேடை. முதல் ரசிகர் சாமிதானே! மியான்மியான் குட்டி நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு குச்சி சாஸேஜ். அவளுக்குப் பக்கத்தில் கோயில் நாய் கருப்பன், அந்தச் சாஸேஜையே பார்த்துக்கொண்டிருந்தது.

தாளம் முழங்கியது. புலி வந்தது, இளவரசியைத் தூக்கிக்கொண்டு போனது. இளவரசி அழுதாள், மறுபடியும் அழுதாள். அடுத்து வீரன் வர வேண்டும். மாடத்துக்கு மேலே பறந்து, ஒரு குட்டிக்கரணம் போட்டு உள்ளே விழ வேண்டும்.

ஜெகாய் வீரனைக் கையிலிருந்து கழற்றி வீசினான். ஒத்திகையில் வீசியதைவிட உயரமாக வீசிவிட்டான். வீரன் மேடையைத் தாண்டி, கூட்டத்துக்கு நடுவே தொப்பென்று விழுந்தான்.

கருப்பனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே கவ்வு. வீரனோடு ஓட்டம் பிடித்தது.

"சார், திரையைப் போடுங்க! திரையைப் போடுங்க!" ஜெகாயின் முகம் வெளுத்துவிட்டது.

"தாளம் தட்டியாச்சுப்பா. சாமிக்கு ஆடுற ஆட்டத்தை நடுவுல நிறுத்தக்கூடாது" என்றார் லியாவ் சார். அவருக்கும் வியர்த்திருந்தது. "பெய்ஷான், ஏதாவது பண்ணும்மா!"

நான் என்ன பண்ணுவது? இளவரசிக்கு இருப்பது ஒரே வசனம். வாயைத் திறந்தேன். யாரைக் கூப்பிடுவது? வர வேண்டியவன் நாயின் வாயில் இருக்கிறான். திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். மியான்மியானின் நாற்காலி காலியாக இருந்தது. எங்கே போனாள்? ஆனால் கையில் இரண்டு பொம்மைகள். நகர முடியாது.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இளவரசி கண்ணிலிருந்து சட்டைக்கையை மெதுவாக எடுத்தாள்.

"புலியாரே! அழுது அழுது எனக்குத் தொண்டையே வத்திப்போச்சு. கொஞ்ச நேரம் சண்டை போடலாமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"என்னது!" என்று உறுமியது புலி. அதுவும் நான்தான்.

"காது கேக்கலையா? சண்டை!"

என் இடது கை இத்தனை நாளும் எதற்குக் காத்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இளவரசி துள்ளினாள், சுழன்றாள், புலியின் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். வாலைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். லியாவ் சாரின் தாளம் தடதடவென்று கூடவே ஓடியது. பாவம், வலது கைப் புலி! நிஜமாகவே அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூச்சு வாங்கியபடி அது அலறியது.

"ஐயோ! யாராவது வந்து என்னைக் காப்பாற்றுங்களேன்!"

கோயில் வாசலே அதிர்ந்தது. என் மூக்குத்தண்டில் வியர்வை வழிந்தது. துடைக்கக் கை இல்லை. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது மேடைக்குப் பின்னால் ஒரு குரல். "அக்கா! இந்தா!"

மியான்மியான்! தலையெல்லாம் கலைந்து, முழங்காலெல்லாம் மண். கையில் வீரன். வீரனின் ஒரு செருப்பைக் காணோம், அவன் உடம்பெல்லாம் நாய் எச்சில்.

ஜெகாய் அவனைப் பாய்ந்து வாங்கி, ஈரத்தைப் பார்க்காமல் கையில் மாட்டிக்கொண்டான். "இளவரசி! நான் வந்துட்டேன்!"

"வாங்க வாங்க" என்றாள் இளவரசி. "நல்ல நேரத்துல வந்தீங்க. புலிக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க, வைத்தியர்கிட்ட தூக்கிட்டுப் போகலாம்."

ஜெகாய் ஒரு நொடி விழித்தான். பிறகு வீரன் குனிந்து, புலியின் காலைப் பிடித்தான். அவர்கள் தூக்கிக்கொண்டு போனபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"அடுத்த தடவை நீ புலியை இடது கைலயே மாட்டிக்கோ" என்றான் ஜெகாய், வீரனைத் துடைத்தபடி.

"வேண்டாம், இடது கைல இளவரசியே இருக்கட்டும்" என்றேன்.

"அப்படின்னா அந்தச் சண்டையை எனக்கும் சொல்லிக்கொடு. மூணு பேரும் சேர்ந்து போடலாம்."

திரும்பி வரும் வழியில் மியான்மியானைக் கேட்டேன். "கருப்பன்கிட்டேருந்து எப்படிடி வாங்கினே?"

"முதல்ல காப்பாத்துங்களேன்னு கத்தினேன் அக்கா. யாருமே திரும்பல. எல்லாரும் உன் இளவரசியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் என் சாஸேஜை அதுக்குக் கொடுத்தேன். முழுசா!" சொல்லும்போதே அவள் முகம் கொஞ்சம் வாடியது. பாவம், ஒரு கடிகூடக் கடிக்கவில்லையாம். வழியில் அவளுக்கு இன்னொன்று வாங்கிக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முழங்காலைக் கழுவக் குளியலறைக்குப் போனாள். சற்று நேரத்தில் தாழ்ப்பாள் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்து நான் ஓடினேன். அம்மாவும் கம்பியோடு ஓடி வந்தாள். ராகத்துக்காகக் காத்து நின்றோம்.

உள்ளே ராகம் எதுவும் இல்லை. "ம்ம்... ம்ம்..." என்று முக்கும் சத்தம். பிறகு ஒரு 'டக்'.

கதவு திறந்தது. ஈரக் கவுனோடு மியான்மியான் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ எதுக்கு வந்தே?"

அம்மா கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சும்மா" என்றேன். "இளவரசியைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."