லூசியானோ என்ற பெயரில் தேடுங்கள்

அன்று காலையில் அப்பாவின் இடது ஷூவுக்கு நான் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் இடது கால் வலது காலைவிட ஒரு விரல் அளவு குட்டை. ஷூவுக்குள் மூன்று அட்டைகளை அடுக்கினால்தான் அவரால் நேராக நிற்க முடியும். மாதம் ஒருமுறை அட்டைகள் நைந்துபோகும். புதிதாக வெட்டிக் கொடுப்பது என் வேலை.

"என்ன நெரெய்தா, வலது காலுக்கு வெட்டி வச்சிருக்க? எனக்கு ரெண்டுமே வலது காலா?" என்றார் அப்பா.

"திருப்பிப் போடுங்கப்பா. இடது கால் ஆயிடும்."

அவர் திருப்பிப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. "அட! பதினொரு வயசுல உனக்கு என் காலைப் பத்தித் தெரியுது. ராணுவத்துல இருக்கிற அந்தப் பெரிய பெரிய ஆளுங்களுக்குத் தெரியலையே" என்று சிரித்தார். நின்றபடியே காபியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எங்கள் மலை ஊரிலிருந்து கீழே பொன்சே நகரத்துக்கு ஷேர் கார் ஓட்டுவதுதான் அவர் தொழில். பத்து மணிக்கு அதே கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது வேறு யாரோ. அப்பா பின் சீட்டில் படுத்திருந்தார். அவர் காரை ஓரமாக நிறுத்திய பிறகுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். பயணிகள் யாருக்கும் சிறு கீறல்கூட இல்லை.

அது 1966, பிப்ரவரி மாதம்.

அப்பாவை அடக்கம் செய்த பிறகு ஒன்பது நாட்கள் எங்கள் வீட்டில் ஜெபமாலை சொன்னார்கள். ஊரே வந்தது. ஊரே மரியாதையாக 'தோன்' போட்டுக் கூப்பிடும் மூலைக்கடை தோன் ஃபெர்மீன் மட்டும் வரவில்லை.

அவருக்கும் அப்பாவுக்கும் இருந்த சண்டை நான் பிறப்பதற்கு முந்தியது. எங்கள் தீவான புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து நிறைய இளைஞர்கள் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து கொரியப் போருக்குப் போனார்கள். அப்பாவும் தோன் ஃபெர்மீனின் ஒரே மகன் ரஃபாயெலும் ஒரே லாரியில் ஏறிப் போனவர்கள். அப்பா நொண்டிக்கொண்டு திரும்பினார். ரஃபாயெல் திரும்பவில்லை. உடலும் வரவில்லை.

"என் பையனைப் பாத்தியா?" என்று தோன் ஃபெர்மீன் கேட்டாராம்.

"இல்ல, தோன் ஃபெர்மீன். அங்க போனதும் எங்களைப் பிரிச்சுட்டாங்க."

"ஓடி வந்தவனுக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்தப் பெயர்தான். ஓடி வந்தவன்.

ஜப்பானில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அப்பாவின் தலையணையில் ஒரு பதக்கத்தைக் குத்திவிட்டுப் போனார்கள். போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் ஊதாப் பதக்கம். ஆனால் ராணுவத்தை விட்டு வரும்போது கையில் கொடுத்த தாளில் 'பதக்கங்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. 'காயங்கள்' என்ற கட்டத்திலும் 'இல்லை.' தோன் ஃபெர்மீனுக்கு அது போதுமானதாக இருந்தது.

"பொன்சேல பழைய சாமான் கடைக்குப் போனா இந்தப் பதக்கம் கூடையில கிடக்குது. நானும் நாலு வாங்கிக் குத்திக்கவா?" என்பார் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி. "கால் எப்படிப் போச்சா? காரை மரத்துல மோதியிருப்பான்!"

அப்பா ராணுவத்துக்கு இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான்தான் வாசித்தேன்: 'எவரிஸ்தோ சின்த்ரோன் என்ற பெயரில் பதக்க ஆணை எதுவும் இல்லை.'

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்பா."

அவர் கடிதத்தை நான்காக மடித்தார். பிறகு எட்டாகவும் மடித்தார்.

ஜெபமாலை முடிந்த மறுவாரம், முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் சென்யோர் கராய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்லறைக்கு அரசாங்கமே கல் கொடுக்கும், ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார். படிவத்தில் பதக்கங்களுக்கு ஒரு வரி இருந்தது.

"அந்த ஊதாப் பதக்கத்தை எழுதுங்க" என்றாள் அம்மா.

"தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் கல்லுல வெட்டுவாங்க, தோன்யா பிரோவி."

"அவர் காலே சாட்சி இல்லையா?"

சென்யோர் கராய் தன் தொப்பியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "கால் மண்ணுக்குள்ள போயிருச்சேம்மா."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப பேரும் தேதியும் போதும். இனிமே யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்."

எனக்குப் போதவில்லை. பேரும் தேதியும் மட்டும் கல்லில் இருந்தால், தோன் ஃபெர்மீன் சொன்னதுதான் கடைசிவரை நிற்கும்.

"எவ்வளவு நாள் டைம் இருக்கு, சென்யோர் கராய்?" என்று கேட்டேன்.

"மே மாசம் முடியறதுக்குள்ள அனுப்பணும், பாப்பா."

"அப்ப மே மாசம் வாங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். அவர் படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் மாதம் எங்கள் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லித்தர வடக்கே அமெரிக்காவிலிருந்து சிஸ்டர் பெர்னிஸ் வந்தார். வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்பினார். 'உங்கள் மகள் மூன்று நாட்களாக வகுப்புக்கு வரவில்லை.'

அம்மா என் காதைப் பிடித்தாள். "அப்பா போய் நாப்பது நாள்கூட ஆகல. அதுக்குள்ள எங்கடி ஊர் சுத்துற?"

"ஐயோ அம்மா, வலிக்குது! முதல் பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன்!"

"முதல் பெஞ்சுல இருக்கிறவ அவங்க கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

மறுநாள் வருகைப் பதிவின்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சிஸ்டர் குடும்பப் பெயரை மட்டும் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "ஃபெலிசியானோ!" என்றார். யாரும் எழவில்லை. யார் அந்த ஃபெலிசியானோ என்று நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "இன்றும் வரவில்லை" என்று சொல்லி அவர் எதையோ எழுதினார். பட்டியலை முடித்து மூடிவிட்டார். என்னைக் கூப்பிடவே இல்லை.

நான் எழுந்து நின்றேன். "சிஸ்டர், நான் நெரெய்தா சின்த்ரோன். வந்திருக்கேன்."

"சின்த்ரோனா? அப்படி ஒரு பேரே என் பட்டியல்ல இல்லையே." அவர் விரலால் தேடினார். பட்டியலில் பலருக்கு ஒரே குடும்பப் பெயரும், என்னைப் போலச் சிலருக்கு இரண்டும் எழுதியிருந்தன. "நெரெய்தா சின்த்ரோன் ஃபெலிசியானோ... இது நீயா? ஃபெலிசியானோதானே உன் குடும்பப் பேரு? கடைசியில அதுதான இருக்கு?"

"இல்ல சிஸ்டர். எங்க எல்லாருக்கும் ரெண்டு குடும்பப் பேரு. முதல்ல வர்றது அப்பாவோடது. கடைசியில வர்றது அம்மாவோடது. கூப்பிடறப்போ அப்பா பேரைத்தான் சொல்லுவாங்க."

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். "சிஸ்டர், அப்ப நானும் மூணு நாளா வரலையா?"

வகுப்பே சிரித்தது. சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன வேடிக்கை பாரு. நீ இங்கயே இருந்திருக்க. என் பட்டியல்ல மட்டும் இல்லாம போயிட்ட."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பாவின் முழுப்பெயர் எவரிஸ்தோ சின்த்ரோன் லூசியானோ.

அவர் கையில் இருந்த தாளை எழுதியவர்கள் எங்கள் தீவுக்காரர்கள். அவர்கள் சின்த்ரோன் என்று சரியாக எழுதியிருந்தார்கள். ஜப்பான் ஆஸ்பத்திரியில் பதக்கக் கணக்கை எழுதியவர் யார்? சிஸ்டர் பெர்னிஸின் ஊர்க்காரர் யாராவது எழுதியிருந்தால்?

மாலையில் ராணுவத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். 'ஐயா, எவரிஸ்தோ லூசியானோ என்ற பெயரில் தேடுங்கள். அது என் அப்பாவின் அம்மா வழிப் பெயர். உங்கள் ஊரில் கடைசிப் பெயரைத்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வீர்கள் என்று இன்று தெரிந்துகொண்டேன்.' அடியில் அப்பாவின் படை எண்ணை எழுதினேன். சிஸ்டர் மூன்று பிழைகளைத் திருத்தினார். 'தயவுசெய்து' என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தேன். ஐந்தை அடித்துவிட்டார்.

அம்மா கையெழுத்துப் போடும்போது சொன்னாள். "ரெண்டு தடவை இல்லன்னு சொன்னவங்க, மூணாவது தடவை மட்டும் எந்திரிச்சுப் போய்த் தேடப் போறாங்களா?"

"நாம வேற பேரைத்தானே கேக்கறோம்மா."

ஏப்ரல் போனது. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே தலையை ஆட்டிவிடுவார். மே மாதக் கடைசி வாரம் சென்யோர் கராய் வந்தார்.

"பதில் வந்துச்சா, பாப்பா?"

"இன்னும் இல்ல" என்றேன். அவர் பதக்க வரியில் ஒரு கோடு இழுத்துப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டார். ஜூலையில் கல் வந்தது. பெயர், தேதி, கொரியா. வேறு எதுவும் இல்லை. அந்தக் கல்லை நான் தொடவில்லை.

ஆகஸ்டு மாதம் ஒரு தடித்த உறை வந்தது.

சமையலறையில் நின்றுகொண்டே வாசித்தேன். லூசியானோ என்ற பெயரில் இருந்த ஆணைகளைக் கண்டுபிடித்ததாகவும், தவறுக்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தார்கள். ஊதாப் பதக்கம் இருந்தது. அதன் கீழே இன்னொன்றும் இருந்தது.

"வீரப் பதக்கமாம், அம்மா."

"அது என்ன? அப்படி ஒண்ணு அவர் சொன்னதே இல்லையே."

"அவருக்கே தெரியாதும்மா. லூசியானோங்கிற பேருக்கு அனுப்பியிருக்காங்க. ஆளைக் கண்டுபிடிக்க முடியலன்னு திரும்பிப் போயிருக்கு." அடுத்த வரியை வாசித்தேன். எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பா காயம்பட்ட ஒருவரைக் குன்றிலிருந்து கீழே சுமந்துவந்தார். திரும்பப் போய் இன்னொருவரைச் சுமந்துவந்தார். மூன்றாவது தடவை மேலே போனபோது குண்டு விழுந்தது.

"மூணாவது தடவையா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. அப்பதான் கால்ல பட்டிருக்கு."

அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "பதிமூணு வருஷம் ஒரே வீட்டுல இருந்தேனே. காலைப் பத்திக் கேட்டா, 'மழையில வழுக்கிருச்சு'ன்னு சிரிப்பார்."

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"எங்க போற?"

"தோன் ஃபெர்மீன் கடைக்கு."

"போயி? அந்தாள் மூஞ்சியில எறியப் போறியா?"

"ஆமா" என்றேன். அதற்காகத்தான் போனேன். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். தோன் ஃபெர்மீன் பீன்ஸ் நிறுத்துக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் எதுவும் கேட்காமல் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, எங்கள் மொழியில் ஒரு வரி. அவர் நிறுத்துக்கொண்டே இருந்தார். 'மூன்றாவது தடவை மேலே போனபோது' என்ற இடம் வந்ததும் தராசுத் தட்டு அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"அந்த வரியை இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன்.

"தூக்கிட்டு வந்த ரெண்டு பேர் யாருன்னு பேர் போட்டிருக்கா?"

"இல்ல, தோன் ஃபெர்மீன்."

"மூணாவது தடவை யாரைத் தூக்கப் போனான்னு?"

நான் கடிதத்தை முழுவதும் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன். "அதுவும் இல்ல."

அவர் பீன்ஸை மறுபடி சாக்கில் கொட்டிவிட்டார். அவர் தேடுவது ரஃபாயெலின் பெயரைத்தான் என்று எனக்குப் புரிந்தது. வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்த கேள்விகளை விட்டுவிட்டேன்.

"ரஃபாயெலுக்கு அம்மா வழிப் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"மொன்தால்வோ. எதுக்கு?"

"உங்களுக்கு என்ன பதில் வந்துச்சு?"

"எங்க குடும்பப் பேரு அல்வெலோ. அந்தப் பேர்ல வேற தகவல் எதுவும் இல்லன்னு வந்துச்சு."

"அப்ப மொன்தால்வோன்னு தேடச் சொல்லுவோம். பேப்பர் இருக்கா?"

அவர் சாமான் கட்டும் பழுப்புக் காகிதத்தைக் கிழித்து என் முன்னால் வைத்தார். பிறகு அது சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே போய் வெள்ளைத் தாள் எடுத்துவந்தார். கல்லாப்பெட்டிமேல் வைத்து எழுதினேன்.

பதில் வர ஐந்து மாதங்கள் ஆயின. நானே எடுத்துப்போய் வாசித்தேன். இரண்டு பெயர்களிலும் தேடிவிட்டோம், 'காணாமல் போனவர்' என்பதைத் தவிர வேறு குறிப்பு இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

"ரெண்டு பேர்லயும் தேடினாங்களாமா?"

"தேடியிருக்காங்க, தோன் ஃபெர்மீன்."

"அப்ப சரி" என்றார். பிறகு, "உங்கப்பா கல்லை மாத்தறப்போ என்கிட்ட சொல்லு. தூக்க ஆள் வேணும்" என்றார்.

அடுத்த ஆண்டு கல்லை மாற்றினோம். சென்யோர் கராய் ஒரு பக்கமும் தோன் ஃபெர்மீன் ஒரு பக்கமும் பிடித்தார்கள். அப்பாவின் பெயருக்குக் கீழே இரண்டு பதக்கங்களும் வெட்டப்பட்டிருந்தன.

எனக்கு இப்போது வயது எழுபது தாண்டிவிட்டது. அந்த ஆவணங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. ராணுவத்தில் பழைய தாளை அழித்து எழுதுவதில்லை. திருத்தத்தைத் தனித் தாளில் எழுதி, பழையதன் பின்னால் சேர்த்துவிடுவார்கள். அதனால் முதல் தாளில், 'பதக்கங்கள்' என்ற கட்டத்தில், 'இல்லை' என்றே இன்றும் இருக்கிறது.