மூடாத தாடைகள்

தாடைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது.

ரெனான் கண்ணைச் சுருக்கிக் குனிந்து பார்த்தான். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த வைஸைத் தன் பலம் கொண்ட மட்டும் இறுக்கியிருந்தான். பழுது பார்த்து முடித்த எந்த வைஸையும் அவன் இப்படித்தான் சோதிப்பான்: சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைத் தாடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, பிறகு இழுப்பான். தாள் கிழிய வேண்டுமே தவிர நழுவக் கூடாது. இப்போது அவன் இழுக்கவே இல்லை. தாள் தானாக நழுவி, மேசைமேல் கிடந்த இரும்புத் தூளில் விழுந்தது.

"சனியனே!" என்றான் வைஸைப் பார்த்து.

பக்கோலோட் நகருக்குப் போகும் சாலையோரத்தில் வீட்டை ஒட்டித் தகரம் வேய்ந்த பட்டறை அவனுடையது. துருவேறிச் செத்துப்போன கருவிகளை வாங்கி வந்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சுரண்டி, தேய்த்து, உடைந்ததை ஒட்டி, மறுபடி வேலை செய்ய வைத்து விற்பதுதான் பிழைப்பு. இந்த வைஸ், மூடிப் பல வருஷமாகிக் கொடி படர்ந்து கிடந்த ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து வந்தது. தாடை ஒரு சாண் அகலம். இரண்டு பேர் சேர்ந்தும் திணறித்தான் தூக்க முடிந்த கனம். யாரோ ஒரு மடையன் அதை இறுக மூடி, கைப்பிடிக் கம்பியை அடிப்பாகத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தான். ஓரிடத்தில் மட்டுமல்ல, மேலும் கீழும், ஒன்றின்மேல் ஒன்றாக, கையிலிருந்த வெல்டிங் கம்பியெல்லாம் தீரும் வரை வைத்ததுபோல. நல்ல சாமானை இப்படிக் கெடுத்தவனைத் திட்டிக்கொண்டே ரெனான் அந்த வெல்டிங்கையெல்லாம் கிரைண்டரால் அறுத்தான். நெருப்புக் காட்டினான், சுத்தியலால் தட்டினான். கடைசியில் திருகு அசைந்தபோது வழக்கமான கீச்சொலி வரவில்லை. நெடுநேரம் அடக்கிவைத்த மூச்சை யாரோ விட்டதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவன் சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திறந்தது. ஆனால் அதன் பிறகு மூடமாட்டேன் என்கிறது.

தாடைத் தகடுகளைக் கழற்றிக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தான். அப்பழுக்கில்லாத சமதளம். திருகை வெளியே எடுத்து மரை மரையாகக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். வளைவில்லை, தேய்மானமில்லை. நட்டைப் பிளந்து பார்க்காத குறைதான். எல்லாவற்றையும் கிரீஸ் தடவித் திரும்பப் பூட்டி, பூரண நம்பிக்கையோடு இறுக்கினான்.

இப்போது ஒரு விரல் பருமன் இடைவெளி.

சாயங்காலம் மச்சினன் பெபோட், தான் வாடகைக்கு ஓட்டும் மோட்டார் டிரைசைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். வைஸை ஆலையிலிருந்து ஏற்றி வந்ததும் அவன்தான்.

"டேய், நீ ஏதாவது நோண்டினியா?"

"நானா? உங்க சாமானைத் தொட்டா கையை வெட்டிருவீங்களே மனோங்." அக்காள் புருஷனை அவன் மனோங் என்றுதான் கூப்பிடுவான், மரியாதையும் கேலியும் சரிபாதி கலந்து. "வயசாகுது உங்களுக்கு. கையில வலு இல்ல. அதுக்கு வைஸ் என்ன பண்ணும்?"

"வாயை மூடு."

"அதையும் மூட முடியலையே உங்களால."

அடுப்படியிலிருந்து மனைவி நெலியா சிரித்தது கேட்டது. ரெனானுக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பு லாரிகளைப் பழுது பார்க்கும் டிட்டோய் அந்த வைஸுக்காக ஏற்கெனவே இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தான். "அரவை தொடங்கிருச்சு ரெனான். லாரி வரிசையா நிக்குது. முடியலன்னா முடியலன்னு சொல்லிடு" என்று காலையில் போனில் கடித்திருந்தான். இத்தனை வருஷத்தில் ரெனானிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

மறுநாள் அவன் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. தூரத்து ஆலையிலிருந்து வெல்லப்பாகின் புளித்த வாடை ஈரக் காற்றோடு வந்து பட்டறையின் எண்ணெய் வாடையோடு கலந்து தொண்டையில் ஒட்டியது. அவன் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, நெம்புகோலாக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினான். இரும்பு இரும்பில் முட்டினால் உள்ளங்கைக்கு உடனே தெரியும். டக்கென்று ஓர் உறுதி வரும். இது அப்படி முட்டவில்லை. ஈரச் சாக்கை அமுக்கியதுபோல் கொஞ்சம் உள்வாங்கியது. பிறகு நின்றது. கையை எடுத்ததும், குழாய் மெல்ல, மிக மெல்ல, கொஞ்சம் பின்னால் வந்தது.

இடைவெளி இப்போது மணிக்கட்டுப் பருமன்.

அவன் ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தான். நெலியா ஓடி வந்தாள்.

"இன்னும் சாப்பிடலை நீ. அதைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு வா."

"எதுல தப்புன்னு தெரியாம எப்படிப் போடறது?"

"எல்லாத்துக்கும் தெரிஞ்சே ஆகணுமா?" அவள் வைஸைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். "என்ன வாடை இது? வேர்வை வாடை மாதிரி."

"என் வேர்வைதான்."

அவள் போன பிறகு அவன் தாடைகளின் அருகே முகத்தைக் கொண்டுபோனான். இடைவெளியில் ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது, அதில் தொங்கும் ரம்பங்கள் தெரிந்தன. ஆனால் வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. போர்வைக்குள்ளிருந்து வரும் வெதுவெதுப்பு. மழைக்குக் குளிர்ந்துபோயிருந்த பட்டறையில், குளிர்ந்த இரும்பின் நடுவில், ஒரு சாண் அகலத்துக்கு மட்டும். அவன் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து அதற்குள் விட்டான். தடையில்லாமல் போனது, வந்தது. அப்போதுதான் தன்னைப் பற்றி ஒன்றைக் கவனித்தான். வைஸைக் கொண்டுவந்த நாளிலிருந்து எத்தனையோ முறை தாடைகளைத் தடவித் துடைத்திருக்கிறான். ஆனால் அது திருகிப் பூட்டியிருக்கும்போது ஒரு தடவைகூட இடைவெளிக்குள் கை விட்டதில்லை. கை தானாகவே விலகியிருக்கிறது. இப்போதும் குச்சியைத்தான் தேடியது.

அதை நினைத்ததும் அவனுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஒரு இரும்புத் துண்டுக்கா?

கையைத் தூக்கினான். இடைவெளிக்கு எதிரே கொண்டுபோனான்.

உள்ளே விடவில்லை. கீழே இறக்கிக்கொண்டான்.

மறுநாள் மதியமே வானம் இருண்டது. மின்சாரம் போய்விட்டது. தகரத்தில் மழை இரைந்தது. இடைவெளி இரவோடிரவாக இன்னும் அகன்றிருந்தது. ஒரு முழங்கை தாராளமாக நுழையலாம். சவாரி கிடைக்காத பெபோட் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தான். ரெனான் வைஸின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான்.

"என்ன மனோங், இதுக்கு ஜெபம் பண்றீங்களா?"

"போடா."

"நகருங்க, நான் பாக்கறேன். உள்ள எதாவது எலி கிலி செத்துக் கிடக்கும்." ரெனான் எழுவதற்குள் அவன் வலது கையை முழங்கை வரை தாடைகளுக்கு நடுவே விட்டான். கண்களை அகல விரித்தான். "ஐயோ! ஐயோ, புடிச்சுக்கிச்சு! அக்கா!"

ரெனான் முக்காலி உருள எழுந்தான். பாய்ந்து அவன் தோளைப் பிடித்தான்.

பெபோட் சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொண்டான். "உங்க மூஞ்சியைப் பாக்கணுமே! சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு."

"அறிவிருக்கா உனக்கு? வெளிய போ. போடா வெளிய!"

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க." பெபோட் தன் கையைத் தேய்த்துக்கொண்டான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "ஆனா உள்ள சூடா இருக்கு மனோங். நிஜமா. எப்படி அது?" மறுபடியும் கையை விட்டான். இந்த முறை மெதுவாக, தடவிப் பார்ப்பவனைப் போல. தலையைச் சாய்த்துக்கொண்டு, விரல்களைக் காற்றில் அசைத்தான்.

பிறகு அசைக்கவில்லை.

"மனோங்."

"விளையாடாதே பெபோட். என்னால முடியல."

"விளையாடல."

அவன் குரல் மிகத் தணிந்திருந்தது. தாடைகளின் அந்தப் பக்கத்தில் அவன் கை வெளியே தெரிந்தது. வெறும் கை. அதைச் சுற்றி ஒன்றுமில்லை. ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நெருக்கப்பட்டு, நுனிகள் வெளுத்திருந்தன. கை குலுக்கும்போது அழுத்திப் பிடித்தவன் விடாமலிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. ரெனான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புறங்கைத் தோலில் நான்கு பள்ளங்கள் விழுந்தன. பக்கத்துப் பக்கத்தில். ஆழமாக.

"இழு!"

"இழுக்கறேன். விட மாட்டேங்குது."

ரெனான் அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். பெபோட் அலறினான். கை ஓர் அங்குலம்கூட வரவில்லை. மழை இரைச்சலில் வேறு ஒரு சத்தம் கேட்டது. கிரீஸ் தடவிய மரை, சீராக, கீச்சொலி இல்லாமல் சுழலும் சத்தம். அவன் கையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய மரை.

கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது.

இறுகும் பக்கமாக.

கிரைண்டரைப் பாய்ந்து எடுத்தான். பொத்தானை அழுத்தினான். ஒன்றுமில்லை. மின்சாரமில்லை. கீழே போட்டான். குழாய். குழாய் எங்கே? மேசைக்கடியில். எடுத்தான். கைப்பிடியின் மறுமுனையில் செருகினான். தளரும் பக்கமாக அழுத்தினான். முழு பலத்தோடு. தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. கைப்பிடி நின்றது.

நின்றது.

"அக்கா!" என்று பெபோட் கூப்பிட்டான், சின்னப் பிள்ளையைப் போல.

நெலியா வந்தாள். தம்பியின் உடம்பைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். தாடைகளில் ஒன்று அவன் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கைப்பிடி மீறி மயிரிழை நகர, மற்றதும் தொட்டது.

"திற ரெனான்! திற அதை!"

அவன் குழாயின் நுனியில் இரண்டு கைகளாலும் தொங்கினான். உடம்பின் பாரம் முழுவதும் அதில். குழாய் அசையவில்லை. பிறகு அவன் உள்ளங்கைக்கு அது தெரிந்தது. எதிர்முனையில் ஒரு பிடி. நிதானமான பிடி. இன்னும் பலத்தைக் காட்டாத பிடி.

இறுகும் பக்கமாகக் குழாய் மேலே எழும்பத் தொடங்கியது.

அவன் குதிகால் தரையை விட்டது. பிறகு விரல் நுனிகள். நெலியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பெபோட்டின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் அவனுடைய வெளுத்த கை, யாரோ ஆறுதலாகக் குலுக்குவதுபோல், மேலும் கீழும், மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. ரெனானின் கால்கள் காற்றில் உதைத்தன. குழாய் அவனையும் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல், மேலே போய்க்கொண்டிருந்தது.