எடுக்கலாம் என்று சொல்லும்வரை

மூன்றாவது தடவையும் கம்ப்யூட்டர் அதையேதான் சொன்னது. மெமரி கார்டு பயன்பாட்டில் இருக்கிறது, இப்போது எடுக்க முடியாது, பிறகு முயன்று பாருங்கள்.

சத்தியபிரியா திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பாட்டுப் போடும் புரோகிராமை மூடியாயிற்று. படம் பார்க்கும் புரோகிராமை மூடியாயிற்று. வைரஸ் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். திரையில் ஒன்றுமே திறந்திருக்கவில்லை. ஆனாலும் கார்டு ரீடரின் முனையில் கடுகளவு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருந்தது. அந்த விளக்கு சும்மா துடிக்காது. கார்டிலிருந்து எதையாவது படிக்கும்போதும் கார்டில் எதையாவது எழுதும்போதும் மட்டும்தான் துடிக்கும்.

"இன்னும் அந்தக் கார்டோடதான் மல்லுக்கட்டுறியாம்மா?" செல்போன் கடை முதலாளி அமானுல்லா ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். தொழுகைக்குக் கிளம்பும் நேரம். "பட்டுன்னு உருவிட்டு வேற சோலியப் பாப்பியா."

"உருவக் கூடாது பாய். உள்ள ஏதோ எழுதிக்கிட்டிருக்கு."

"யாரு எழுதுறா?"

"அதான் தெரியல."

"நேத்து அந்த ஜீப் டிரைவர் திருமலைச்சாமிக்கு அரை மணி நேரம் பாடம் நடத்துனியே, அவன் வெளிய வந்து என்ன கேட்டான் தெரியுமா? ஏன் பாய், உங்க கடையில மட்டும் கார்டுகிட்ட உத்தரவு வாங்கித்தான் கார்டக் கழட்டணுமாங்கிறான். நான் என்னத்தச் சொல்ல?"

பதினோரு நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் அதைக் கவனித்தார்; கவனிக்காத மாதிரி செருப்பை மாட்டினார். "வெரசா வந்துருவேன். மூடுபனி எறங்குது பாரு. லைட்டப் போட்டுக்கம்மா."

நாலரை மணிதான். செண்பகனூர் ரோட்டில் மூடுபனி ஏறி வந்து எதிர்க்கடைப் பலகையை அழித்து, தந்திக் கம்பத்தை அழித்து, கடைப் படிக்கட்டில் வந்து நின்றது. ஈரச் சாக்கு வாசனையோடு யூகலிப்டஸ் வாசனையும் உள்ளே வந்தது. கவலையில் அவள் லைட்டைப் போட மறந்துவிட்டாள்.

திருமலைச்சாமிக்கு அவள் சொன்னது லேசான விஷயம். பாட்டோ படமோ எதுவானாலும் போன் அதை உடனே கார்டில் எழுதிவிடுவதில்லை. கொஞ்ச நேரம் தன் கையில் வைத்திருந்து, சேர்த்துச் சேர்த்து எழுதும். எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் எந்தக் கோப்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கார்டின் முன்பக்கத்தில் குறித்து வைக்கும், புத்தகத்துக்குப் பொருளடக்கம் போடுவதுபோல. நடுவில் உருவிவிட்டால் அந்தக் கோப்புக்கு முடிவு இல்லாமல் போகும். பொருளடக்கமே குழம்பி, பக்கத்தில் இருப்பவையும் கெடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் முடிந்த மாதிரிதான் தெரியும், அண்ணே, உள்ளே முடிந்திருக்காது. அதனால்தான் கேட்கணும். எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை பொறுக்கணும்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் பதினோரு நாளைக்கு முன்னால் கேட்காமல் உருவினாள்.

காப்பித் தோட்டத்தில் மயங்கி விழுந்த அவள் புருஷன் பாலகுமாரை மத்தியானம் நாலு பேர் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கம்பவுண்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மழை விடுவதாக இல்லை. இருட்டுவதற்குள் அடக்கம் பண்ணிவிட வேண்டும் என்றார்கள். குழிக்கரையில் மாமியார் வேலம்மா அவன் போனை அவன் சட்டைப் பையிலேயே வைத்தாள். "இலங்கையில இருந்து வந்த நாள்லேருந்து நாங்க ஆசைப்பட்டு வாங்குன சாமான் எதுவுமில்ல. இதுதான் எம்புள்ள ஆசைப்பட்டு வாங்குனது. அவனோடயே போகட்டும்."

அதை எதிர்த்துப் பேச முடியவில்லை. ஆனால் அந்தக் கார்டில் ஒரு நாற்பது வினாடி இருந்தது. இரண்டு வயசு மகள் மகாராணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பாடிய தாலாட்டு. அவன் குரல் வேறெங்கும் இல்லை. இன்னும் ஆறு மாதம் போனால் குழந்தைக்கு அப்பன் குரல் மறந்துவிடும்.

சட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். மெல்லிய பைத்துணி வழியாகப் போன் திரையில் சிவப்புப் புள்ளி தெரிந்தது. எப்போதோ பக்கவாட்டுப் பொத்தான் அழுந்தி ரெக்கார்டர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரல் முட்டி அவன் நெஞ்சில் பட்டது. வெதுவெதுப்பு. ரெக்கார்டர் ரொம்ப நேரமாக ஓடினால் போன் சூடாகும், அந்தச் சூடுதான் என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டாள். நிறுத்த நேரமில்லை. ரப்பர் மூடியை நகத்தால் நெம்பி, கார்டை அழுத்தி, உருவி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பயந்தபடியே பொருளடக்கம் கெட்டிருந்தது. தாலாட்டின் பெயர் மட்டும் தெரிந்தது, திறந்தால் திறக்கவில்லை. சரிசெய்யும் புரோகிராம் ஒன்று உண்டு. இப்போது அதை ஓட்டியபோது அது ஒரு கேள்வி கேட்டது. கார்டை யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் துண்டித்துவிட்டுச் சரிசெய்யட்டுமா? ஆமா, இல்லையா?

பதில் சொல்லாமல் அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, பயன்படுத்துவது யார் என்று தேடினாள்.

கோப்புகளின் பட்டியலைத் திறந்தாள். கடைசியில் ஒரு குரல்பதிவு. அடக்கம் பண்ணிய அன்றைய தேதி. நேற்று பார்த்தபோது அதன் அளவு பூஜ்யம். முடிவு எழுதாத கோப்பு அப்படித்தான் காட்டும், சரிதான். இன்று ஐயாயிரத்து நூற்றுச் சொச்சம் கேபி என்றிருந்தது.

பட்டியலைப் புதுப்பித்தாள். கொஞ்சம் கூடியிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் காத்திருந்து மறுபடி புதுப்பித்தாள். தொண்ணூற்று நாலு கூடியிருந்தது. இன்னொரு நிமிஷம். இன்னொரு தொண்ணூற்று நாலு.

போனில் பேச்சைப் பதிவுசெய்தால் நிமிஷத்துக்கு அவ்வளவுதான் எழுதும். அவளுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம்.

ஆனால் போன் மண்ணுக்கடியில். கார்டு இங்கே.

ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டி, பதிவை ஓட்டினாள்.

மழை. குடைத்துணியில் மழை விழும் படபடப்பு. தூரத்தில் வேலம்மாவின் அழுகை. பக்கத்தில், மிகப் பக்கத்தில், கண்ணாடி வளையல் உரசும் சத்தம். அது அவளுடைய வளையல். ரப்பர் மூடி நெம்பும் கிறீச். கார்டை அழுத்தும் டிக்.

இதோடு முடிய வேண்டும். இதற்குமேல் எழுதக் கார்டே கிடையாது.

முடியவில்லை.

மழைச் சத்தம் தொடர்ந்தது. யாரோ "மெதுவா, மெதுவா" என்றார்கள். கயிறு இழுபடும் சத்தம். பிறகு முதல் மண். தொப். ஈரமண். அடுத்தது. அடுத்தது. ஒவ்வொரு விழுதலுக்கும் மழை கொஞ்சம் தள்ளிப் போனது, அழுகை கொஞ்சம் தள்ளிப் போனது. கடைசியில் இரண்டுமே இல்லை.

அமைதி. அதற்கும் அடியில் ஏதோ ஒன்று.

காதை ஸ்பீக்கரில் வைத்தாள்.

துணி உரசல். நின்றது. மறுபடி உரசல். இழுத்து, நிறுத்தி, விடும் காற்று. போன் சட்டைப் பையில்தான் இருந்தது. நெஞ்சின் மேல்.

அந்தச் சூடு. விரல் முட்டியில் பட்ட அந்தச் சூடு.

அவள் பதிவை நிறுத்தினாள். திரையில் எல்லாவற்றையும் மூடினாள். பாதுகாப்பாக எடு என்பதை அழுத்தினாள்.

இப்போது எடுக்க முடியாது. பிறகு முயன்று பாருங்கள்.

மறுபடி அழுத்தினாள். இப்போது எடுக்க முடியாது.

கடைக்குள்ளும் மூடுபனி வந்திருந்தது. கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும். ஓரமாக வைத்த கேள்வி திரைக்கு நடுவில் வந்து நின்றது. துண்டித்துவிட்டுச் சரிசெய்யட்டுமா? ஆமா, இல்லையா? ஆமா என்றால் தாலாட்டு கிடைக்கும். ராணிக்கு அப்பன் குரல் கிடைக்கும்.

விரலை விசைக்கு மேல் வைத்தாள்.

பதிவை நிறுத்தியாயிற்று. மூடியாயிற்று. ஆனாலும் ஸ்பீக்கரில் காற்று இழுபட்டது. அதுவரை கேட்டதைவிடத் தெளிவாக. இந்த நிமிஷத்தில்.

"பிரியா."

மண் ஒட்டிய நாக்கு.

"லைட்டப் போடு புள்ள. ஒரே இருட்டாக் கெடக்கு."

அவள் விரல் விசைக்கு ஒரு நூல் மேலே நின்றது. கார்டு ரீடரின் முனையில் சிவப்பு விளக்கு துடித்தது. நின்றது. துடித்தது.