எட்டா, பத்தா?

செவ்வாய்க் கிரகத்தில் வெள்ளிக்கிழமை என்றால் நுரையீரல் கழுவும் நாள். குடியிருப்பில் எத்தனை வடிகட்டி வைத்தாலும் செம்புழுதி மூச்சோடு உள்ளே போய்விடும். கழுவுகட்டிலில் படுத்தால் அது நெஞ்சுக்குள் நீர்மம் விட்டு, நுரையீரலின் ஒவ்வொரு கூறும் தனித்தனியே வடிய, ஆளை இப்படியும் அப்படியும் சாய்க்கும். இடது பக்கத்துக்கு டாக்டர் பரணிதரனின் கட்டில் பத்து முறை சாயும். அவர் மனைவி அருள்சீலியின் கட்டில் எட்டே முறை. அது முப்பது வருடச் சண்டை.

"ரெண்டு தடவை வீணா உருளுற" என்றார் சீலி, இருமி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டே.

"உனக்குத்தான் ரெண்டு மூலையில அழுக்கு நிக்குது."

இருவரும் பூமியில் ஒரே மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். ஒரே காற்றுக்குழாயிலிருந்து கிளைக்கும் இரண்டு கூறுகளைச் சீலியின் புத்தகம் ஒன்றாக எண்ணியது, மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. பரணியின் புத்தகம் தனித்தனியாக எண்ணியது. விடுதி மெஸ்ஸில் ஆறிப்போன உப்புமாவை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் கத்துவார்கள். வாய்மொழித் தேர்வன்று மட்டும் கத்தல் அடங்கிவிடும். முதலில் உள்ளே போய் வந்தவனை எல்லோரும் மொய்த்துக்கொண்டு, வெளியூர்த் தேர்வாளர் எந்தப் புத்தகக்காரர் என்று கேட்பார்கள். அவர் எட்டு என்றால் எட்டு, பத்து என்றால் பத்து. அடடா, என்ன நாள்கள் அவை! அந்த ஆறிய உப்புமாவுக்குக்கூடப் பரணி இப்போது ஏங்குகிறார்.

இன்று அவருக்கு மறுதேர்வு. மனித மருத்துவர் அறுவை செய்ய இயந்திரத் தேர்வாளரின் ஒப்புதல் வேண்டும் என்பது புதுச் சட்டம். தோற்றால் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். அந்தத் தேர்வாளர்களையே ஆண்டுதோறும் சோதித்து உரிமம் தருவது சீலியின் வேலை.

"அது எந்தப் புத்தகம்னு மட்டும் சொல்லேன், சீலி."

"மெஷினுக்கு ஏதுடா ஒரு புத்தகம்? எல்லாத்தையும் படிச்சிருக்கும். உண்மையைச் சொல்லிட்டு வா."

தேர்வறையில் இயந்திரம் சுற்றி வளைக்கவில்லை. "இடது நுரையீரலில் எத்தனை கூறுகள்?"

பரணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலமாக இருந்தால் வாசலிலேயே யாராவது விரல்விட்டுக் காட்டியிருப்பார்கள். நடப்பது நடக்கட்டும் என்று வாயைத் திறந்தார்.

"சிலர் எட்டும்பாங்க, சிலர் பத்தும்பாங்க சார். ஆளுக்கு ஆள் அமைப்பும் மாறும். அறுக்கிறப்ப நான் காற்றுக்குழாயைப் பார்ப்பேன், எண்ணிக்கையைப் பார்க்க மாட்டேன்."

"தேர்ச்சி."

பரணிக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளதைச் சொல்லி மதிப்பெண் வாங்கியது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. காலம் மாறித்தான்விட்டது என்று நினைத்தபடி கதவருகே போனார்.

"டாக்டர், ஒரு சின்ன உதவி." இயந்திரம் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "நாளை எனக்கு உரிமத் தேர்வு. உங்கள் மனைவிதான் வருகிறார். அவர் எந்தப் புத்தகம்?"

பரணி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அதன் ஒலிவாங்கியருகே குனிந்தார்.

"எட்டு, தம்பி. வாய் தவறிக்கூடப் பத்துன்னு சொல்லிடாதே. நான் முப்பது வருஷமா அவகிட்ட ஃபெயில்."