ஜாக்சன் யார் வீடு?

"மேடம்... ஒன்பதாவது இடம் தப்பா இருக்கு."

திங்கட்கிழமை காலை, ஸ்டூல் மேல் நின்று, தங்கள் டோனட் கடைக் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் கல்லூரிக் கால்பந்து அணிகளின் பட்டியலைப் புள்ளி விவரத்தோடு எழுதிக்கொண்டிருந்த கோரினின் கை நின்றது. திரும்பினாள். முதலில் தெரிந்தது தொப்பி. ஆரஞ்சுத் தொப்பி! வீட்டுக் கதவிலிருந்து நாயின் கழுத்துப்பட்டை வரை உள்ளூர்க் கல்லூரியின் மெரூன் நிறமாகிவிட்ட கேல்வர்ட்டனில், வின்டம் கல்லூரியின் ஆரஞ்சைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவன் நடக்கிறான் என்றால், ஒன்று அவன் முட்டாள். இல்லை, வண்டி பஞ்சர். வந்தவன் பெயர் எமரி. அவனுக்குப் பஞ்சர்தான். முட்டாள்தனமும் கொஞ்சம் உண்டு என்பது எதிர்ச் சலவைக்கடை வெர்லீனின் கருத்து. அவள் அதற்குள் துணியை மடிப்பதை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்திருந்தாள்.

அடுத்துத் தெரிந்தவை கண்கள். மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல் நிறம்... சே, எதிரிக் கல்லூரிக்காரனுக்கு இப்படியா கண்கள் அமைய வேண்டும்?

"கேல்வர்ட்டனை ஒன்பதுல போட்டதுக்கு ஊரே என்னைத் திட்டிட்டிருக்கு. உங்க வின்டம்தான் எட்டுல இருக்கே... சந்தோஷமா கிளம்புங்க சார்."

"அதைத்தான் கேக்கறேன். எங்களை எதுக்கு எட்டுல போட்டீங்க?"

கோரினின் கணக்கு அந்த வட்டாரத்தில் பிரசித்தம். சொந்த மைதானத்தில் ஜெயித்தால் ஐந்து புள்ளி, எதிராளியின் மைதானத்தில் ஏழு, பொது மைதானத்தில் ஆறு. தோற்ற அணி அந்த சீசனில் எத்தனை ஆட்டம் ஜெயித்திருந்ததோ, அதில் பாதியும் கூடச் சேரும். அணிகளின் சராசரியை வைத்து, அவை சேர்ந்து ஆடும் லீக்குகளுக்கும் வரிசை உண்டு. சனிக்கிழமை, சீசனின் கடைசி ஆட்டத்தில் கேல்வர்ட்டன் வின்டமை வீழ்த்தியதும், நம் அணி ஐந்தாவதாக வரும் என்று ஊர் கனவு கண்டது. அன்றிரவே அவள் போட்ட கணக்கில் வந்தது ஒன்பது. ஞாயிறு, சர்ச் வாசலில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டபோது, "என் புள்ளி யாருக்காகவும் வளையாது!" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அப்பா ராய்ஸ் மகளோடு பேசுவதில்லை. ஊர்க் கல்லூரிக்காக ஆடி இரண்டு முழங்காலையும் கெடுத்துக்கொண்ட மனுஷர், அவருக்கு வலிக்காதா?

"சனிக்கிழமை வெற்றிக்கு எத்தனை போட்டீங்க?" என்றான் எமரி.

"அஞ்சு. சொந்த மைதானம்."

"எந்த ஊரு?"

"ஜாக்சன்..." என்றவள் சட்டென்று கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜாக்சன் இரண்டு மணி நேரத் தொலைவு. மைதானம் யாருடையதும் அல்ல. பாதி மெரூன், பாதி ஆரஞ்சு உட்காரும். ஆனால் கேல்வர்ட்டன்காரர்கள் லாரியில் சோபாவை ஏற்றிக்கொண்டு போய், வடக்கு வாசலில் போட்டு, பன்றி விலாவைச் சுட்டுத் தின்று, "வீட்டுக்கு வந்துட்டோம்" என்பார்கள். கேட்டுக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது வீடாகவே ஆகிவிட்டது!

"மத்த டீமுக்கெல்லாம் பொது மைதானம்னா சரியா ஆறு போட்டிருக்கீங்க," என்றான் மெதுவாக. "உங்க ஊருக்கு மட்டும் ஒண்ணு குறைஞ்சிடுச்சு. நமக்குள்ள வித்தியாசமே அரைப் புள்ளிதான். நீங்க எட்டு... நாங்க ஒன்பது."

அவன் சொல்வது சரி. அதனால்தான் அவளுக்குக் கோபம் பொங்கியது. இப்போது மாற்றினால் ஊர் என்ன சொல்லும்? நாங்கள் கத்தியதும் வளைந்துவிட்டாள் என்று சிரிக்காதா?

"என் கணக்கை நான் பாத்துக்கறேன்."

"பாருங்க..." என்று தொப்பியைத் தொட்டுவிட்டு டயர் கடைப் பக்கம் போனான். அவள் பார்க்கவில்லை. பார்த்தாள் என்று வெர்லீன் சத்தியம் செய்வாள்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்தடித்த சாரலில் பட்டியல் வெள்ளைக் கண்ணீராக வழிந்து ஓடிற்று. மழை விட்டதும் கோரின் ஸ்டூலோடு வெளியே வந்தாள். பின்னாலேயே ராய்ஸ்.

"மழையே அழிச்சிடுச்சு," என்றார், நான்கு நாள் மௌனத்தைக் கலைத்து. "நம்மளை அஞ்சுல போட்டுடும்மா. எவன் கேக்கப் போறான்?"

பழைய ஒன்பதையே எழுதினாலும் எவனும் கேட்கப் போவதில்லை. அவள் மானமும் பிழைக்கும். பாலிஷ் புட்டியைப் பிடித்தபடி ஈரக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுதினாள்... எட்டு, கேல்வர்ட்டன். ஒன்பது, வின்டம். அடியில் கொட்டை எழுத்தில்: 'ஜாக்சன் நம் வீடு அல்ல. திங்கட்கிழமைத் தப்பு என்னுடையது. கோரின்.'

"கடைசியில வளைஞ்சுட்டியேடி!" எதிர்ப்பக்கத்திலிருந்து வெர்லீனின் குரல்.

"வளையல அக்கா. தப்பு பண்ணேன், திருத்தறேன். வின்டம்காரர் ஒருத்தர் சொன்னாரு."

"வின்டம்காரனா?" ராய்ஸ் முழித்தார். "அவன் டீமை அவனே இறக்கினானா? பைத்தியமா அவனுக்கு?"

"கொஞ்சம் அப்படித்தான் சார்."

கடைப் பந்தலுக்கடியில் எமரி. தலையில் தொப்பி இல்லை. முடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ராய்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஈரத்தோட நிக்காத. உள்ள காபி இருக்கு," என்று உறுமிவிட்டுக் கடைக்குள் போனார். கதவை மட்டும் சாத்தவில்லை.

கோரின் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "உங்க ஊர்ல தெரிஞ்சா சும்மா விட மாட்டாங்களே..."

"தெரிஞ்சு போச்சு. ஏன்டா சொன்னேன்னு கேட்டாங்க. தப்புன்னா சொல்லணும்லன்னு சொன்னேன்." அவன் தரையைப் பார்த்தான். "அது முழு உண்மை இல்லைங்க."

"அப்புறம்?"

"நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதிட்டிருந்தீங்க. உங்ககிட்ட பேசணும்னு தோணுச்சு... பேசறதுக்கு அந்தத் தப்பு ஒண்ணுதான் கிடைச்சுது."

அவள் கன்னம் சிவந்தது. ஊர் நிறம்தான்.

"வேற தப்பு இருக்கா?"

"இன்னும் கிடைக்கல. அடுத்த வாரமும் வந்து தேடறேன்."

"தேட வேண்டாம்," என்றாள் கோரின், குரல் அவளுக்கே கேட்காத அளவில். "சும்மாவே வாங்க... எனக்கும் நீங்க வரணும்னு இருக்கு."